இரண்டு இடது கதவுகள்

வழியை மறித்துக்கொண்டு கதவு கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதுவும் ஒன்றா இரண்டா! தகரத்தை அடித்துக் கதவாக்குகிற பிரஸ் பிரிவிலிருந்து, அதைப் பீரோவில் மாட்டுகிற அசெம்பிளி பிரிவுக்குப் போகிற நடைபாதையில், இரண்டு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்குத் தகரக் கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எதிரெதிரே இரண்டு தள்ளுவண்டிகள் உரசாமல் போன பாதை அது. இப்போது ஒரே ஒரு ஆள், அதுவும் வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில்தான் நகர முடியும். வாரத் திட்டம் போடுகிற திட்டக்காரி தினமும் காலையில் அப்படித்தான் நகர்ந்தாள். தோளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் அவள் தன் மேசைக்குப் போய்ச் சேர்ந்த நாளே கிடையாது.

அத்தனையும் இடது கதவு.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது பீரோ. ஒரு பீரோவுக்கு இடது கதவு ஒன்று, வலது கதவு ஒன்று. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், கண் இருந்தால் போதும். இடது கதவில் பூட்டும் கைப்பிடியும் நெஞ்சு உயரத்தில் இருக்கும். காற்றுக்காக மேலே கீற்றுகள் வெட்டியிருக்கும். அதன் ஓரத்தில் உள்ள மடிப்பு, முதலில் மூடிய வலது கதவின்மேல் போய்ப் படியும். கீல் மட்டும்தான் இரண்டுக்கும் ஒன்று. மற்றபடி இதை அதாகவும் அதை இதாகவும் வைத்துக்கொள்ள முடியாது. கடவுளே இறங்கி வந்து மாட்டினாலும் பூட்டு விழாது.

இது தெரிந்தும் பிரஸ் பிரிவு ஏன் மாதக்கணக்கில் இடது கதவாகவே அடித்துத் தள்ளுகிறது? அவர்களுக்கு என்ன பைத்தியமா? இல்லை. பைத்தியம் சுவரில் மாட்டியிருந்தது.

பிரஸ் எந்திரத்துக்கு மேலே ஒரு பலகை. எந்திரம் ஓடினால் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு விளக்கு. நாள் முழுக்க எவ்வளவு நேரம் பச்சை எரிந்தது என்று பலகையே கணக்குப் போட்டு, சதவீதமாகக் காட்டும். இடது கதவிலிருந்து வலது கதவுக்கு மாற வேண்டும் என்றால் எந்திரத்துக்குள் தகரத்தைக் கதவாக வளைக்கும் அச்சைக் கழற்ற வேண்டும். அது நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத இரும்பு. கிரேன் வந்து தூக்கி, மற்ற அச்சை இறக்கி, மயிரிழை பிசகாமல் பொருத்தி, இரண்டு மூன்று தகரத்தை வீணாக்கி அடித்துப் பார்ப்பதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். அந்தப் பாதி ஷிப்டும் பலகையில் சிவப்பு. சிவப்பு எரிந்தால் பிரஸ் பிரிவுக்கு ஊக்கத்தொகை இல்லை, மெமோ உண்டு. அப்புறம் எவன் அச்சை மாற்றுவான்?

இந்தப் பலகையை மாட்டியவர் தொழிற்சாலையின் மேலாளர். அவருக்கு அங்கே 'சதவீதம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் பதிலில் ஒரு சதவீதம் வந்துவிடும். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "ஒரு எழுபது சதவீதம் ஓகே" என்பார். ஆள் சத்தம் போட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. அதுதான் திட்டக்காரிக்கு இன்னும் ஆத்திரம். கத்துகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறவனை என்ன செய்வது?

திட்டக்காரியின் வேலை, எந்த ஆர்டருக்கு என்ன வேண்டும், எந்தப் பிரிவு எதை எப்போது செய்ய வேண்டும் என்று வாரா வாரம் திட்டம் போடுவது. அவளும் போட்டாள். இத்தனை இடது, அத்தனையே வலது என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பிரஸ் பிரிவின் கதவிலேயே ஒட்டினாள். அதைக் கிழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அடுத்த வாரம் அவளே போய்ப் பழையதன்மேல் புதியதை ஒட்டிவிட்டு வந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை சதவீதம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவர் அகலத் திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாருங்க மேடம். பிரஸ், தொண்ணூத்தாறு சதவீதம். அசெம்பிளி, முப்பத்தெட்டு. அங்கதான் பிரச்சினை."

"அசெம்பிளிக்கு வலது கதவு வரலை சார். சட்டத்தை மட்டும் சேர்த்து வெச்சிருக்காங்க, கதவு இல்லாம எதை மாட்டுவாங்க?"

"கதவு இல்லையா? ஸ்டாக்ல ரெண்டாயிரத்துக்கு மேல கதவு காட்டுது."

"அத்தனையும் இடது கதவு சார்."

"ஐட்டம் ஒண்ணுதானே மேடம். கதவு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால், 'பொருள் வகைகளைக் குறைத்தல்' என்று ஒரு இலக்கை அவருக்கு அவரே வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் இடது கதவுக்கு ஒரு எண்ணும் வலது கதவுக்கு வேறு எண்ணுமாக இருந்ததை ஒன்றாக்கிவிட்டு, வகைகளை இத்தனை சதவீதம் குறைத்துவிட்டேன் என்று முதலாளியிடம் கைதட்டலும் வாங்கினார். அன்றைக்கே அவள் சொன்னாள், சண்டை போட்டாள். மாற்றத்தைக் கண்டு பயப்படாதீங்க மேடம் என்றார்.

"சார், ஒரு தடவை எழுந்து வந்து பாருங்க. நடைபாதையில நடக்க முடியலை."

"அதையும் பார்த்தேன். அசெம்பிளி எடுத்து முடிக்காம தேங்கியிருக்கு. அதனாலதான் ஒரு முடிவு எடுத்திருக்கோம்." அவர் பேனாவை மேசைக்கு நேராக வைத்தார். "ஆண்டு விழா முடிஞ்சதும் அசெம்பிளி பிரிவை மூடிடறோம். வெளியில ஒரு கான்ட்ராக்ட்காரர் மாட்டிக் கொடுத்துடுவார். அங்க இருக்கிற பொம்பளைங்களை அனுப்பிடலாம். எப்படிப் படிப்படியா மூடறதுன்னு நீங்கதான் திட்டம் போட்டுத் தரணும்."

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"பாதி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க மேடம். நான் கேமராவில பார்த்தேன். பொறுப்பே இல்லை."

பொறுப்பு இல்லையாம்! கதவை இவர்கள் தர மாட்டார்களாம், கதவு வராததால் அவர்கள் சும்மா உட்கார வேண்டுமாம், சும்மா உட்கார்ந்ததற்கு வேலையும் போக வேண்டுமாம். இதற்குத் திட்டமும் இவளே போட்டுத் தர வேண்டுமாம். அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அந்த அறையின் கண்ணாடிக் கதவை அவள் அடித்துச் சாத்தப் பார்த்தாள். அது தானாக மெல்ல மூடுகிற ரகம். அதிலும் தோல்விதான்.

அவளுக்கு இது வெறும் ஆபீஸ் விவகாரம் இல்லை. அசெம்பிளிக்குத் தலைவி அவளுடைய நாத்தனார்.

கணவரின் தங்கை அவள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் 'ஸ்பேனர்'. இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டுதான் சாப்பிடக்கூட உட்காருவாள். கட்டிக்கொண்டவன் கை நீட்டுகிறவன் என்று தெரிந்ததும், ஒரு பையோடு கிளம்பி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. அதனால் ஸ்பேனர் கூடத்தில் சோபாவை ஒட்டிப் பாய் போட்டுப் படுப்பாள். தண்ணீர் குடிக்க யார் எழுந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை, பக்கத்துத் தெருவில் தனியாக ஒரு அறை.

"பெரிசா எதுவும் வேண்டாம் அண்ணி. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி எனக்குன்னு ஒரு கதவு இருந்தாப் போதும்" என்பாள். தினமும் ஊராருக்கெல்லாம் கதவு மாட்டுகிறவள் இப்படிச் சொல்லும்போது திட்டக்காரி எதையாவது தேடுவதுபோல் சமையலறைக்குள் போய்விடுவாள்.

அந்த அறைக்குப் போக வேண்டுமானால் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்கு வேலை வேண்டும். வேலைக்கு வலது கதவு வேண்டும்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் ஸ்பேனர் ஆரம்பித்தாள்.

"ஏன் அண்ணி, நீங்க போடறது திட்டமா, கோலமா? வலது கதவு எங்கன்னு என் பொண்ணுங்க என்னைக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல? எங்க அண்ணி வரைஞ்சு வெச்சிருக்காங்க, வந்துடும்னு சொல்லட்டுமா?"

"என் வாயைக் கிளறாதே. நானே வெந்து போயிருக்கேன்."

"நீங்க வேகறீங்க. நாங்க உக்கார்ந்திருக்கோம். உக்கார்ந்து உக்கார்ந்து இடுப்பு வலி. கேமரா பார்க்குதுன்னு ஒரு பொண்ணு, துடைச்ச சட்டத்தையே நாலு தடவை துடைக்கறா. பாவமா இருக்கு."

நடுவில் கணவர் குழம்பை எட்டி எடுத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஃபாக்டரியை வாசல்ல செருப்போட விட்டுட்டு வரக் கூடாதா?" என்றார். அவர் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸை யாரும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வருவதில்லை என்பது அவருடைய வாதம்.

"அசெம்பிளியை மூடப் போறாங்க" என்றாள் திட்டக்காரி.

ஸ்பேனர் கை தட்டிலேயே நின்றது. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள். கணவர் குழம்புக் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"நாங்க சோம்பேறிங்கன்னு சொன்னாரா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"பொறுப்பு இல்லைன்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்லத் திட்டக்காரிக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நேராகப் பிரஸ் பிரிவுக்குப் போனாள். பிரஸ்காரர் நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. எந்திரத்தின் சத்தத்தில் ஒரு காது போனவர். அதனால் எல்லோரிடமும் உரக்கவே பேசுவார்.

"ஒரே ஒரு தடவை அச்சை மாத்துங்க அண்ணே. அசெம்பிளியை மூடப் போறாங்க. நீங்க வலது கதவு அடிச்சாத்தான் அந்தப் பொம்பளைங்க பொழைப்பாங்க."

"போன தடவை உங்க பேச்சைக் கேட்டு மாத்தினேனேம்மா! என்ன ஆச்சு? அந்த மாசம் என் ஆளுங்க யாருக்கும் ஊக்கத்தொகை இல்லை. ஒருத்தரும் என்கிட்ட ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசலை. என்னைக் கூப்பிட்டு வெச்சு, உங்களால மொத்தத் தொழிற்சாலைக்கும் நாலு சதவீதம் போச்சுன்னு சொன்னார் மேனேஜர். நான் என்னம்மா பண்ணட்டும்?"

"அப்போ தெரிஞ்சேதான் இடது கதவா அடிக்கறீங்க."

அவர் பலகையைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் எந்திரம் இன்னொரு இடது கதவைத் துப்பியது.

"தெரிஞ்சேதான்" என்றார், வழக்கமில்லாத மெதுவான குரலில். "இதுல இந்த வருஷம் சிறந்த பிரிவு நாங்கதானாம். விழாவில எனக்குப் பரிசு."

அந்தப் பரிசில்தான் விஷயம் திரும்பியது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் சிறந்த பிரிவின் தலைவருக்கு, அங்கேயே செய்த பீரோ ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். முதலாளி தன் கையால் சாவி போட்டுத் திறந்து, மூடி, சாவியைக் கொடுப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சதவீதம் அசெம்பிளிக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"பரிசு பீரோ ஒண்ணு வேணும். நல்ல நீலத்துல பெயின்ட் பண்ணிடுங்க. முதலாளி வர்றார்."

"வலது கதவு இல்லையே சார்" என்றாள் ஸ்பேனர்.

"எத்தனை தடவை இதையே சொல்லுவீங்க? இவ்வளவு கதவு கிடக்கு. இருக்கிறதை எடுத்து மாட்டுங்க."

திட்டக்காரியும் அங்கேதான் நின்றாள். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

"சார், நல்லாக் கேட்டுக்கங்க. இருக்கிறதை மாட்டினா ரெண்டும் இடது கதவாத்தான் இருக்கும். பரவாயில்லையா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கதவு கதவுதான் மேடம். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது. மாட்டுங்க."

அவர் நடைபாதையில் வயிற்றை எக்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்தார்கள். ஸ்பேனர் திட்டக்காரியைப் பார்த்தாள். திட்டக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். வீட்டில் உப்பு அதிகம், உறைப்பு குறைவு என்று எதற்கெல்லாமோ முறைத்துக்கொண்ட நாலு கண்களும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றன.

"சொல்லிட்டார் இல்ல?" என்றாள் ஸ்பேனர்.

"சொல்லிட்டார். எல்லார் முன்னாடியும்."

"அப்போ மாட்டிடலாம் அண்ணி."

மாட்டினார்கள். மனம் வைத்து மாட்டினார்கள். தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, பெயின்ட்டில் ஒரு திட்டு இல்லாமல், திருகு ஒவ்வொன்றையும் இறுக்கி. இடது பக்கத்தில் ஒரு இடது கதவு. வலது பக்கத்துக்கு இன்னொரு இடது கதவை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினார்கள். கீல் பொருந்தியது. மற்ற எதுவும் பொருந்தவில்லை. காற்றுக் கீற்றுகள் பாதத்துக்குப் போயின. கைப்பிடி முழங்காலுக்கு இறங்கியது. இரண்டு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பார்த்து முட்டிக்கொண்டன. மாட்டி முடித்துவிட்டு அந்தப் பெண்கள் சிரித்தார்கள், பல மாதத்துக்குப் பிறகு. சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி, "நம்மளைத் துரத்திடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"எப்படியும் துரத்தத்தான் போறாங்க. ஏன் துரத்தறோம்னு கண்ணால பார்த்துட்டுத் துரத்தட்டும்" என்றாள் ஸ்பேனர்.

திட்டக்காரிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நாத்தனாரின் வேலையோடு தன் வேலையும் போனால் மூன்று பேர் சாப்பாடு ஒரு பஸ் ஸ்டியரிங்கில் தொங்க வேண்டும். அதையும் யோசித்தாள். யோசித்துவிட்டு, போனால் போகட்டும் என்று புரண்டு படுத்தாள்.

விழா, சரக்கு ஏற்றும் கூடத்தில். நாற்காலி, மைக், மேடை. மேடை நடுவில் துணி போர்த்திய பீரோ. சதவீதம் பேசினார். தொண்ணூத்தாறு சதவீதம் என்று சொன்னபோது கைதட்டல் வந்தது. பிரஸ்காரரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி துணியை இழுத்தார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் முன்வரிசையில் ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலாளி ஒரு கதவைச் சாத்தினார். மற்றது திறந்தது. அதைச் சாத்தினார், இது திறந்தது. இரண்டையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைப் போடக் குனிந்தார். பூட்டு ஒன்று நெஞ்சுக்கு நேரே, இன்னொன்று முழங்காலுக்கு நேரே. எதில் போடுவார் பாவம்? கையை எடுத்ததும் இரண்டு கதவும் ஆவென்று வாயைப் பிளந்தன. கூடம் குலுங்கிச் சிரித்தது.

"யார் பண்ணின வேலை இது?" என்றார் முதலாளி. அவர் சிரிக்கவில்லை.

சதவீதம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அசெம்பிளி சார். இதனாலதான் அந்தப் பிரிவை மூடணும்னு சொன்னேன். தரம் பூஜ்யம் சதவீதம்."

திட்டக்காரி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"அசெம்பிளி இல்லை சார்! இருக்கிற கதவை மாட்டுங்கன்னு சொன்னவர் உங்க பக்கத்துல நிக்கறார். ரெண்டும் இடது கதவா இருக்கும்னு நானே அவர்கிட்டச் சொன்னேன். கதவு கதவுதான்னு சொல்லிட்டுப் போனார். இந்தப் பொம்பளைங்க கதவு வரும் வரும்னு வழியைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க. உக்கார்ந்திருக்காங்கன்னு இவர் வேலையைப் பிடுங்கறார். இந்தத் தொழிற்சாலை முழுக்கத் தேடுங்க சார். ஒரு வலது கதவு கிடைச்சா, நானே வேலையை விட்டுப் போயிடறேன்!"

சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை.

முதலாளி பிரஸ்காரர் பக்கம் திரும்பினார். "வலது கதவு இல்லையா?"

பிரஸ்காரருக்கு முன்னால் நீலப் பளபளப்பில் பரிசு நின்றது. பின்னால் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அவர் இரண்டையும் பார்த்தார். மைக்கே தேவைப்படாத குரலில் சொன்னார்: "இல்லீங்க. அடிச்சு ரொம்ப காலம் ஆச்சு. அச்சை மாத்தினா சிவப்பு லைட்டு எரியும், ஊக்கத்தொகை போயிடும். அந்த வலது அச்சு மேல சிலந்தி கூடு கட்டியிருக்கு. இந்தப் பீரோ எனக்கு வேண்டாங்க." சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

முதலாளி ஞானி இல்லை, வியாபாரி. அவர் கேட்டது ஒன்றுதான்.

"கடைக்காரங்க பீரோ வரலைன்னு எனக்கு போன் போட்டுத் திட்டறாங்க. நீ எனக்கு மாசா மாசம் தொண்ணூத்தாறு காட்டறே. நான் விக்கறது பீரோவா, சதவீதமா?"

சதவீதம் முதலாளியிடம் முதன்முறையாகச் சதவீதம் இல்லாமல் ஒரு பதில் சொன்னார். "பார்க்கறேன் சார்."

"இதை உன் ரூம்லயே வெச்சுக்கோ. தினமும் பாரு. அசெம்பிளி விஷயம் அப்புறம்." காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறமாம்! பத்துப் பதினைந்து பெண்களின் பிழைப்பு அவருக்கு ஒரு அப்புறம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா, வருத்தம் என்று சொன்னாரா? திட்டக்காரிக்கு அங்கேயே இன்னொரு நாற்காலியைத் தள்ளிவிடலாம் போல் இருந்தது.

மறுநாள் காலையிலேயே சதவீதம் கூப்பிட்டனுப்பினார். நீலப் பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. அதன் கதவை ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்து அடைத்திருந்தார்.

"மேடம், இடது, வலது தனித்தனி எண் கொடுத்தாச்சு. இன்னைக்கே அச்சை மாத்தச் சொல்லிட்டேன். இனிமே பிரஸ்ஸுக்கு வலது கதவுதான் டார்கெட். எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடிக்கட்டும். பலகையில நூறு சதவீதம் பார்க்கணும்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்த மனிதர் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை! இன்னும் ஆறு மாதத்தில் அதே நடைபாதையில் வலது கதவை ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

"முடிஞ்ச வரைக்கும் வேண்டாம் சார். அசெம்பிளி எவ்வளவு மாட்டுமோ அவ்வளவுதான். அது ஆனதும் எந்திரத்தை நிறுத்தணும்."

"நிறுத்தறதா? சிவப்பு எரியுமே!"

"எரியட்டும்."

"யார் பதில் சொல்றது மேடம்?"

அவள் எழுந்து போய், முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள். பீரோ கீச்சென்று முனகிக்கொண்டு வாயைத் திறந்தது. தலைகீழ்க் கதவின் கைப்பிடி அவர் முழங்காலில் வந்து இடித்தது.

"முதலாளி கேட்டா, இதைக் காட்டுங்க" என்றாள். கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மெல்ல, தானாக, முழுசாக மூடியது.

அன்று மத்தியானம் பிரஸ் பிரிவின் பலகையில் சிவப்பு எரிந்தது. பாதி ஷிப்ட் எரிந்தது. நாளெல்லாம் பச்சையே பார்த்துப் பழகிய பிரஸ்காரரின் ஆட்கள், சிவப்பின் கீழே நிற்கவே கூச்சப்பட்டார்கள். அச்சு பொருந்தி முதல் வலது கதவு எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்ததும், பிரஸ்காரர் அதை வண்டியில் வைக்கவில்லை. பெயின்ட்கூட அடிக்காமல், தன் கையாலேயே தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து, அசெம்பிளிக்குக் கொண்டுபோனார். ஸ்பேனர் அதை வாங்கி, ஒரு சட்டத்தில் வைத்துப் பார்த்து, நடைபாதையிலிருந்து ஒரு இடது கதவை எடுத்து அதன்மேல் சாத்தினாள். 'ணக்' என்று ஒரே ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்ததுபோல் பெண்கள் அடுத்த சட்டத்தை இழுத்து நிறுத்தினார்கள்.

அப்புறம் அசெம்பிளியை மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. பொறுப்பு இல்லாதவர்கள் என்று சொன்ன வாயிலிருந்து, பொறுப்பு உண்டு என்று ஒரு சொல் வரவே இல்லை. அந்த ஆத்திரம் திட்டக்காரிக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. பிரஸ் ஆட்களின் ஊக்கத்தொகையைப் பலகையிலிருந்து பிரித்து, லாரியில் ஏறும் பீரோக்களின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்டுகிற வரைக்கும் அவள் தினமும் அந்தக் கண்ணாடி அறைக்குப் போய்ச் சண்டை போட்டாள். போதுமான கதவு ஆனதும் எந்திரம் நின்றது. சும்மா நின்ற ஆட்கள் நடைபாதைக் கதவுகளை எடுத்துக் கொடுக்க வந்தார்கள்.

"கை சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா அண்ணே?" என்று ஸ்பேனர் கேட்டாள். பிரஸ்காரர் கேட்காத காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடைபாதையில் கதவுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் காலையில் திட்டக்காரி, பாதையின் நடுவே, வயிற்றை எக்காமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் ஸ்பேனர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, பக்கத்துத் தெருவுல அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்காம். பார்க்க வர்றீங்களா?"

"இப்பவேவா? உங்க அண்ணன் சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருப்பார்."

"பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கறவங்களை அவர் எத்தனை நாள் பார்த்திருப்பார். ஒரு நாள் அவரும் நிக்கட்டும்."

போனார்கள். சின்ன அறைதான், ஒரு ஜன்னல், ஒரு குழாய், நிறம் போன சுவர். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். ஸ்பேனர் சுவரைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நேராகக் கதவிடம் போனாள். கீலைத் தடவினாள், விளிம்பில் விரலை ஓட்டினாள். பிறகு திட்டக்காரியை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தட்டைக் கழுவிய அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "கதவு மாட்டிக்கிச்சாம்மா?" என்று குரல் கொடுத்தார்.

"இல்லைங்க" என்றாள் திட்டக்காரி. "நல்லா மூடுது."